கலமே இல்லமாகிய கதை: இங்கிலாந்தின் கால்வாய்ப் படகுக் குடும்பங்கள் பற்றி ஒரு நோக்கு

இங்கிலாந்தின் உள்நாட்டுக் கால்வாய்களிலே சரக்குப் படகுகளைச் செலுத்தி, அப்படகுகளிலேயே இல்லறம் நடத்தி, மக்களைப் பெற்று, மூத்து மறைந்த ஒரு தொழிலாளர் கூட்டத்தினர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வாழ்ந்தனர். கரையில் வாழ்ந்தோர் இவர்களை நீர்மேல் திரியும் ஜிப்சிகள் என்றனர். இம்மக்களின் வண்ண உடைகளையும், பூவேலை செய்த படகறைகளையும், தமக்குள்ளேயே மணம்புரியும் வழக்கத்தையும் கண்டவர்கள், இவர்கள் தொன்றுதொட்டே அலைந்து திரிந்த ஓர் இனத்தின் வழிவந்தோர் என எளிதில் முடிவு செய்தனர். ஆயின் அம்முடிவுக்கு வரலாற்றுச் சான்று கிடையாது. கால்வாய்ப் படகோட்டிகள் பற்றி 1975 இல் வெளிவந்த ஹரி ஹான்சனின் ஆய்வு, படகோட்டிகளிற் பெரும்பாலோர் கால்வாய்க் கரையோரத்து உழைப்பாளர் குடும்பங்களிலிருந்தே வந்தவர் என்பதைப் பதிவேடுகள் வாயிலாக எடுத்துக்காட்டியது. அவ்வாறாயின் அவர்கள் வீட்டை விட்டுப் படகில் ஏறியது ஏன்? இவ்வினாவுக்கான விடை குருதியில் அன்று, கூலிக் கணக்கிலே தேடப்பட வேண்டியது.

பிரிட்ஜ்வோட்டர் கோமகன் தமது வேஸ்லி நிலக்கரிச் சுரங்கங்களை மான்செஸ்ரர் நகருடன் இணைக்க வெட்டுவித்த கால்வாய் 1761 இல் திறக்கப்பட்டது. நகரில் நிலக்கரியின் விலை ஏறத்தாழ அரைவாசியாயிற்று. அக்கால்வாயை அமைத்த ஜேம்ஸ் பிரிண்ட்லி என்னும் பொறியியலாளரே அடுத்து மேற்கொள்ளப்பட்ட டிரென்ட் - மேர்சி கால்வாய்க்கும் பொறுப்பேற்றார். மட்பாண்டத் தொழிலதிபர் யோசையா வெட்ஜ்வூட்டின் ஆதரவுடன் 1766 இல் பாராளுமன்ற அனுமதி பெற்ற அக்கால்வாய் 1777 இல் நிறைவெய்தியது. பிரிண்ட்லி அதற்குமுன் காலமாகிவிட்டார். எனினும் அவர் தீர்மானித்த ஓர் அளவு மட்டும் நிலைத்து நின்றது. மேட்டு நிலத்தைக் கடக்கும் இடங்களிற் படகை உள்ளே விட்டுக் கதவடைத்து, நீரை நிரப்பியோ வடித்தோ அதனை ஏற்றியிறக்கும் அடைப்பு மதகுகளை, நீரையும் செலவையும் மிச்சப்படுத்தும் பொருட்டு அவர் ஏறக்குறைய 72 அடி நீளமும் 7 அடி அகலமுமாக அமைத்தார். ஆகவே நடு இங்கிலாந்தின் கால்வாய்களில் ஓடும் படகுகள் யாவும் 7 அடிக்கு உட்பட்ட அகலமுடையனவாகவே கட்டப்பட்டன. பிற்காலத்திலே ஒரு குடும்பம் படுத்துறங்க வேண்டிய இடத்தின் அகலமும் இவ்வாறு முன்னரே வரையறுக்கப்பட்டுவிட்டது.

தொடக்க காலத்துப் படகோட்டிகள் கரையில் வீடுடையோர். ஒரு குதிரை 25 தொன் சரக்கை நீர்மேல் இழுத்துச் சென்றது. ஓர் ஆடவனும் ஒரு பையனும் அதற்குப் போதும். படகின் பின்புறத்துச் சிற்றறை இடைவழியில் இராத்தங்கவே பயன்பட்டது. 1805 இல் கிராண்ட் ஜங்ஷன் கால்வாய் இலண்டனை நடு இங்கிலாந்துடன் நேரே இணைத்தபின் பயணங்கள் நீண்டன. ஆடவர் வீடு திரும்பும் நாட்கள் குறைந்தன. அக்காலத்திலேயே சில குடும்பங்கள் படகுகளிற் குடியேறத் தொடங்கின எனினும் அது பெருவழக்காகவில்லை.

பெருவழக்காக்கியது புகையிரதமே. 1830 இல் லிவர்பூல் - மான்செஸ்ரர் பாதையும், 1838 இல் இலண்டன் - பேர்மிங்ஹாம் பாதையும் திறக்கப்பட்டன. போட்டியின் விளைவாகக் கால்வாய்க் கம்பனிகள் சுங்கத்தைக் குறைத்தன. சரக்கேற்றும் முதலாளிகள் கட்டணத்தைக் குறைத்தனர். குறைப்புக்களின் சுமை ஈற்றிற் படகோட்டியின் தலைமேல் இறங்கியது. அவனுக்குச் சம்பளம் நாட்கணக்கில் இல்லை. சரக்கின் தொன்னுக்கும் தூரத்துக்கும் ஏற்பவே. உதவியாளனுக்குக் கொடுக்க வேண்டியதையும் அதிலிருந்தே அவன் கொடுத்தான். இந்நிலையில் உதவியாளனை நிறுத்தி மனைவியைச் சுக்கான் பிடிக்க வைப்பதும், கரைவீட்டைக் கைவிட்டு வாடகையை மிச்சம் பிடிப்பதும், பிள்ளைகளைக் குதிரையின் பின்னே நடக்கவிடுவதும் அவன் முன்னிருந்த வழிகளாயின. இங்கு ஒன்று கருதத்தக்கது. அதே கால்வாய்களில் இரவு பகலாக ஓடிய விரைவுப் படகுகளில், முதலாம் உலகப்போர்க் காலம் வரையும், ஆடவர் மட்டுமே பணியாற்றினர். விலையுயர்ந்த சரக்குக்கு உயர்ந்த கட்டணம் கிடைத்தமையால் அவர்களுக்குக் கூலி கொடுக்க முடிந்தது. குடும்பம் படகேறியது நிலக்கரி போன்ற மலிவான, பாரமான சரக்குகளிலேயே. ஆகவே, பெயரற்ற, கூலியற்ற பெண்ணுழைப்பும் பிள்ளையுழைப்புமே கால்வாய்த் தொழிலைப் புகையிரதத்தின் முன் இன்னும் நூறாண்டுகள் தாங்கி நிறுத்தின என்பது மிகையாகாது.

அவர்கள் வாழ்ந்த அறையின் அமைப்புத் தனியே நோக்கற்பாலது. படகின் பெரும்பகுதி சரக்குக்கு உரியது. பின்கோடியில் ஏறத்தாழ 10 அடி நீளமே குடும்பத்துக்கு விடப்பட்டது. கதவைத் திறந்து இறங்கினால் முதற்படி நிலக்கரிப் பெட்டியாகும். இடப்புறத்தே சமையலுக்கும் குளிர்காயவும் ஒரே அடுப்பு. அதனையடுத்த உயர்ந்த அலுமாரியின் கதவைக் கீழே மடித்தால் அது மேசையாகும். மடக்கினால் மீண்டும் அலுமாரியாகும். எதிர்ப்பக்கத்து இருக்கை பிள்ளைகளின் படுக்கை. உட்புறத்தே படகின் குறுக்காக இரவில் இறக்கப்படும் பலகை கணவன் மனைவியின் கட்டில். குடிநீர் வைக்கும் இடம் கூரையின் மேலிருந்த வண்ணந்தீட்டிய தகரக் குடம். கதவுகளிலும் அலுமாரிகளிலும் ரோசாப் பூக்களும் கோட்டைகளும் தீட்டப்பட்டிருந்தன. சுவரில் விளிம்பில் துளைவேலை கொண்ட பீங்கான் தட்டுக்களும், துலக்கிய பித்தளைக் குமிழ்களும், கையாற் பின்னிய வெள்ளைத் திரைகளும் தொங்கின. இந்த ஓவியமரபு எங்கிருந்து வந்தது என்பது குறித்து அறிஞர் பலவாறு கூறுவர். அதுபற்றிய அச்சிட்ட தொடக்கக் குறிப்புக்களுள் ஒன்று சார்ள்ஸ் டிக்கன்ஸ் நடத்திய சஞ்சிகையில் 1858 இல் வந்தது. அஃதாவது, குடும்பங்கள் படகேறிய காலமும் ஓவியம் மலர்ந்த காலமும் ஒன்றையொன்று தழுவியுள்ளன. வீட்டை இழந்த பெண் கிடைத்த 10 அடியை வீடாக்க முனைந்ததன் தடயத்தை இதிற் காணலாம்.

அழகைப் பேணுவதிலும் கடினமானது கலத்தைப் பேணுவது. பக்கப் பலகைகள் ஓக் மரத்தாலும், தட்டையான அடிப்பலகைகள் எல்ம் மரத்தாலும் ஆனவை. எப்பொழுதும் நீரில் அமிழ்ந்திருக்கும்வரை எல்ம் உளுக்காது. நீரும் காற்றும் மாறிமாறிப் படும் பக்கங்களே முதலில் நலியும். பலகைகளின் இடைவெளிகளிற் பழங்கயிற்று நாரை அடித்துத் திணித்துக் கீல் பூசுதல், அதாவது கலப்பத்துப் பார்த்தல், சில ஆண்டுகளுக்கொருமுறை தவறாது செய்ய வேண்டிய பணி. தாரும் மாட்டுமயிரும் குதிரை இலத்தியும் சேர்த்துக் காய்ச்சிய ஒரு குழம்பைச் சூட்டோடு பலகைகளிற் பூசும் வழக்கமும் இருந்தது. அடியில் ஊறும் நீரை நாள்தோறும் இறைக்க வேண்டும். படகைத் திருத்துதுறையில் ஏற்றிய நாட்களிற் சரக்கில்லை, சரக்கில்லையேல் வருமானமில்லை.

இவ்விடத்திலேயே உடைமை பற்றிய வினா எழுகின்றது. சொந்தப் படகும் சொந்தக் குதிரையும் வைத்திருந்தோர் 'முதலாம் இலக்கத்தார்' எனப்பட்டனர். கம்பனிப் படகுகளுக்குத் தொடரிலக்கங்கள் உண்டு, இவர்களுடையதோ தனிப்படகு என்பது பெயர்க்காரணம் என்பர். படகோட்டிகளிடையே அது மதிப்புமிக்க நிலை. ஆனால் திருத்தச் செலவு, குதிரையின் தீனி, சரக்குக் கிடையாத வாரங்கள் யாவும் அவர்கள் பொறுப்பே. ஒரு குதிரை இறந்தாற் குடும்பம் கடனில் மூழ்கும். கம்பனிப் படகோட்டிக்கு இவ்விடர் இல்லை. ஆயின் வேலையை இழந்தால் அன்றே வீட்டையும் இழப்பான். 1923 இல் பெலோஸ், மோர்ட்டன், கிளேற்றன் என்னும் பெருங் கம்பனி கூலியைக் குறைத்தபொழுது பிரவுன்ஸ்ரன் கிராமத்திற் படகோட்டிகள் 14 வாரங்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர். அவ்வாரங்கள் முழுவதும் அவர்களின் குடும்பங்கள் கம்பனியின் படகுகளிலேயே வசித்தன. எந்த முதலாளியை எதிர்த்தனரோ அவனது உடைமைக்குள்ளேயே அடுப்பு மூட்ட வேண்டியிருந்தது. ஏனைய தொழிலாளர் போராட்டங்களிற் காண்பதற்கரிய நிலை இது.

அரசின் பார்வை இம்மக்கள்மேல் விழுந்தது கோல்வில் ஊரவரான ஜோர்ஜ் சிமித்தினாலாகும். இளவயதிற் செங்கற்சூளையில் உழைத்து, சூளைச் சிறாருக்காகப் போராடி வென்ற அவர், 1875 இல் கால்வாய் மக்களைப் பற்றி எழுதிய நூலின் வாயிலாகப் பெருங் கிளர்ச்சியை உண்டாக்கினார். அவரது நோக்கம் நன்று. ஆயினும் மக்கட்டொகையை அவர் மிகைப்படுத்தினார் என்பதும், குடியும் ஒழுக்கக்கேடுமே படகுவாழ்வின் இயல்பு என்பதுபோல எழுதினார் என்பதும் மறைக்கற்பாலன அல்ல. 1877 ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்பாகப் பயன்படும் படகுகள் யாவும் உள்ளூராட்சி மன்றங்களிற் பதிவு செய்யப்பட வேண்டுமென விதித்தது. 1884 இல் அது வலுப்படுத்தப்பட்டது. பின்னறைக்குக் குறைந்தது 180 கனஅடி வெளி. 12 வயதுக்கு மேற்பட்டவருக்குத் தலைக்கு 60 கனஅடி, அதற்குட்பட்ட பிள்ளைக்கு 40. கணவன் மனைவி உறங்கும் அறையில் 12 வயது கடந்த வேறு பெண்ணோ 14 வயது கடந்த வேறு ஆணோ உறங்கலாகாது என்றெல்லாம் விதிகள் வகுக்கப்பட்டன. கணக்கிட்டுப் பார்த்தால், மிகக் குறைந்த அளவுடைய அறையில் தாய் தந்தையருடன் ஒரு பிள்ளைக்கே இடமுண்டு. இரண்டாவது பிள்ளை பிறந்தவுடன் குடும்பம் சட்டத்தை மீறியதாகும். கூலியை உயர்த்தாது கனஅடியை அளந்த இச்சட்டம் நோயை விட்டு அடையாளத்துக்கு மருந்திட்டது எனலாம். சுத்தமும் சுகாதாரமும் ஓரளவு மேம்பட்டன என்பதையும் கூறுதல் வேண்டும்.

கல்வியிலேதான் சட்டம் பெரிதும் தோற்றது. பதிவு செய்யப்பட்ட ஊரே பிள்ளையின் வதிவிடம் எனக் கொள்ளப்பட்டது. ஆனால் படகு அங்கு நிற்பதில்லை. சரக்கேற்றும் ஓரிரு நாட்களிற் பிள்ளைகள் அறிமுகமற்ற பள்ளியொன்றில் கடைசி வாங்கில் அமர்ந்துவிட்டு மறுநாள் மறைந்தனர். 1921 இல் நெவில் சேம்பர்லேனைத் தலைவராகக் கொண்ட குழு, பள்ளித் தவணைக் காலத்திற் பள்ளி வயதுப் பிள்ளைகள் படகில் வசிப்பதைத் தடைசெய்ய வேண்டுமெனப் பரிந்துரைத்தது. இதே நோக்குடன் தசாப்த இறுதியில் ஹரி கொஸ்லிங் கொணர்ந்த மசோதா சட்டமாகவில்லை. அவர் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத் தலைவர் என்பது குறிப்பிடத்தக்கது. பிள்ளையை விட்டுப் பிரியப் பெற்றோர் விரும்பவில்லை. பிள்ளையின் கையுழைப்பை இழக்கத் தொழிலும் விரும்பவில்லை. இவ்விரு காரணங்களும் வெவ்வேறானவை; விவாதத்தில் அவை ஒன்றாகவே பேசப்பட்டன. 1930 இல் மேற்கு டிரேட்டனில் 'எல்ஸ்டேல்' என்னும் கலமொன்று படகுப் பிள்ளைகளுக்குப் பள்ளியாக்கப்பட்டது. அத்தகைய முயற்சிகள் மிகச் சிலவே.

இதற்கிடையில் 1912 அளவிலிருந்து எஞ்சின் பூட்டிய படகுகள் பரவின. ஒன்று மற்றொன்றை இழுத்துச் செல்ல, கணவன் முன்படகிலும் மனைவி இழுபடகிலும் சுக்கான் பிடித்தனர். குடும்பத்துக்கு இரண்டு அறைகள் கிடைத்தமை ஒரு நன்மை. மனைவிக்கு ஓய்வுநேரம் முற்றாக அற்றுப்போனமை மறுபக்கம். 1948 இல் கால்வாய்களிற் பெரும்பாலானவை நாட்டுடைமையாயின. வீதிப் பாரவண்டிகளின் போட்டியைச் சமாளிக்க முடியாது தளர்ந்திருந்த தொழிலை 1962 - 63 ஆம் ஆண்டின் கடுங்குளிர் வீழ்த்தியது. வாரக்கணக்கிற் கால்வாய்கள் உறைந்து கிடந்தன. 1963 இல் அரச நிறுவனம் தனது ஒடுங்கிய படகுச் சேவையிற் பெரும்பகுதியை நிறுத்தியது. அத்தர்ஸ்ரன் பகுதியிலிருந்து இலண்டனின் சவுத்ஹால் ஜாம் தொழிற்சாலைக்கு நிலக்கரி கொண்டு சென்ற சேவை 1970 ஒக்ரோபரில் நின்றதோடு நெடுந்தூர ஒழுங்கான சரக்கோட்டம் முடிவுற்றது. ஒக்ஸ்போட் கால்வாயின் கடைசி முதலாம் இலக்கத்தாரான ஜோ ஸ்கின்னர் கோவேறு கழுதை இழுத்த தமது 'பிரென்ட்ஷிப்' என்னும் படகுடன் 1959 இலேயே ஓய்வு பெற்றிருந்தார். அப்படகு இப்பொழுது எல்ஸ்மியர் போட் அரும்பொருட் சாலையில் உள்ளது.

தொழில் மறைந்தபோதும் படகுவாழ்வு மறையவில்லை. அதில் வாழ்வோர் மாறினர். எல். ரி. சி. றோல்ற் என்னும் பொறியியலாளர் 1939 இல் 'கிறெசி' என்னும் பழைய சரக்குப் படகை வீடாக்கி மனைவியுடன் குடியேறினார். அவர் 1944 இல் வெளியிட்ட நூல் கால்வாய்களைக் காக்கும் இயக்கம் 1946 இல் தோன்ற வழிகோலியது. சரக்கிருந்த இடமெல்லாம் வசிப்பறையாக மாறிய உருக்குப் படகுகள் பின்னர் பெருகின. 2012 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களிற் பெரும்பாலானவற்றை நிர்வகிக்கும் அறக்கட்டளையின் அனுமதி பெற்ற படகுகள் 30,000க்கும் அதிகம். அவற்றுட் பெரும்பாலானவை பொழுதுபோக்குக்கானவை. நிரந்தரமாக வசிப்போரும் பலர். நகர வீட்டு விலைக்கு அஞ்சிப் படகேறியோர் அவர்களுள் அடங்குவர். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொருமுறை கலத்தை உலர்துறையில் ஏற்றி அடிப்புறத்துக்குக் கருமை பூசுதல், நான்காண்டுக்கொருமுறை பாதுகாப்புச் சான்றிதழ் பெறுதல், ஆண்டுதோறும் அனுமதிக் கட்டணம் என்பன அவர்களது கடமைகள்.

1995 ஆம் ஆண்டுச் சட்டம், நிலையான கட்டுத்துறை இல்லாத படகு எவ்விடத்திலும் 14 நாட்களுக்கு மேல் தொடர்ந்து நிற்கலாகாது என்றும், உண்மையான பயணத்தில் ஈடுபட்டிருக்க வேண்டும் என்றும் விதிக்கின்றது. 1877 இன் சட்டம் ஓடும் வீட்டுக்கு ஓர் ஊரை எழுதிவைக்க முயன்றது; இச்சட்டமோ நிற்க விரும்பும் வீட்டை ஓடச் சொல்கின்றது. ஒரே பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்ப விரும்பும் குடும்பங்கள் எவ்வளவு தூரம் நகர்ந்தால் அது பயணமாகும் என்பது குறித்து நிர்வாகத்தினருக்கும் படகில் வாழ்வோருக்கும் இடையே பிணக்குகள் இந்நூற்றாண்டிலும் எழுந்துள்ளன.