கலைந்த கோலமும் கணினித் திரையும்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்திருந்தான். என்ன வேலை என்று கேட்டேன். "ஸ்கிரீன்ல பெயிண்ட் பண்ற வேலை டீச்சர்" என்றான். சாஃப்ட்வேரில் பெயிண்டா என்று சிரித்துவிட்டேன். அவன் பொறுமையாக விளக்கினான். பிறகு நானும் தேடிப் படித்தேன். அந்த வரலாறு பிடித்துப்போனதால் உங்களுக்கும் எழுதுகிறேன்.

கணினியில் ஒரு விண்டோவின் மேல் இன்னொன்றைத் திறக்கிறோம். மேலே உள்ளதை மூடினால் அடியில் இருந்தது அப்படியே தெரிகிறது. அது பத்திரமாக அடியில் இருந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்தக் காலத்தில் அப்படி இல்லை. மேலே ஒன்று வந்ததும் அடியில் இருந்த படம் அழிந்துவிடும். மூடியதும் அந்த இடத்தை மறுபடி வரைய வேண்டும்.

ஏன்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 1984-இல் வந்த மெக்கின்டோஷின் திரை 512க்கு 342 புள்ளிகள், கறுப்பு வெள்ளை. ஒரு திரைப் படத்தை வைக்கவே ஏறத்தாழ 21,900 பைட் வேண்டும். மொத்த நினைவகமே 128 கிலோபைட். ஆறில் ஒரு பங்கு ஒரே படத்துக்குப் போய்விட்டால், ஒவ்வொரு விண்டோவுக்கும் நகல் வைக்க இடம் ஏது?

வாசலில் போட்ட கோலத்தை யாரோ மிதித்துவிட்டால் என்ன செய்வோம்? முழுக் கோலத்தையும் அழிக்க மாட்டோம். கலைந்த இடத்தை மட்டும் சரி செய்வோம். கோலம் நம் கைக்குத் தெரியும். கணினியிலும் அதே முறைதான். திரைக்கு ஞாபகம் கிடையாது, புரோகிராமுக்குத்தான் ஞாபகம். "இந்த இடம் கலைந்துவிட்டது, வரைந்து கொடு" என்று கணினி கேட்கும். புரோகிராம் வரைந்து கொடுக்கும்.

இதைச் சாதித்தவர்களில் முக்கியமானவர் ஆப்பிள் நிறுவனத்தின் பில் அட்கின்சன். 1979 டிசம்பரில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதலானோருடன் கலிபோர்னியாவில் உள்ள ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார். அங்கே ஒன்றின்மேல் ஒன்றாக விண்டோக்கள் கிடப்பதைப் பார்த்தார். பாதி மறைந்திருக்கும் விண்டோவிலும், தெரிகிற பகுதியை மட்டும் கணினி சரியாக வரைகிறது என்று நினைத்துக்கொண்டார். உண்மையில் ஜெராக்ஸ்காரர்கள் அதைச் செய்யவே இல்லை. மேலே இருக்கும் விண்டோவில்தான் அவர்களால் வரைய முடிந்தது.

அட்கின்சனுக்கு இது தெரியாது. அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும் என்று உட்கார்ந்து கண்டுபிடித்தேவிட்டார். மூலை மறைந்த விண்டோவில் மிச்சம் தெரிவது நீள்சதுரம் அல்ல, கோணல்மாணலான வடிவம். அதை வரி வரியாகப் பார்த்து, விளிம்பு மாறும் புள்ளிகளை மட்டும் குறித்துக்கொண்டார். மேல்வரியைப் போலவே இருக்கும் வரிக்கு எதையும் எழுதுவதில்லை. பெரிய வடிவமும் சிறிய இடத்தில் அடங்கிவிட்டது.

அடிக்கடி வரைய வேண்டுமென்றால் வேகமும் வேண்டும். வட்டம் வரைய வர்க்கமூலம் தேவை, அதற்கான வசதி அந்தச் சிப்பில் இல்லை. அவர் பிடித்தது நாம் வகுப்பில் போட்ட கணக்கை: 1+3=4, 1+3+5=9. ஒற்றை எண்களைக் கூட்டிக்கொண்டே போனால் வர்க்க எண்கள் வரும். வெறும் கூட்டலிலேயே வட்டம் வந்துவிட்டது!

2001-இல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸும் 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டாவும் ஒவ்வொரு விண்டோவின் படத்தையும் தனித்தனியே வைத்துக்கொள்கின்றன. நினைவகம் பெருகிவிட்டது. ஆனாலும் விண்டோவைப் பெரிதாக்கினாலோ உள்ளே ஏதாவது மாறினாலோ, வரைந்து கொடுக்க வேண்டியது இன்றும் புரோகிராம்தான். என் மாணவன் செய்வது அந்த வேலையைத்தான்.

அட்கின்சன் 2025 ஜூனில் தம் 74-ஆம் வயதில் காலமானார். அவருடைய கதையில் என்னை உறுத்துவது ஒன்றுதான். இது முடியாத காரியம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

கிளம்பும்போது அந்தப் பையன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "இந்தியா மேப் வரையறப்போ, உனக்குக் கையே வராதுன்னு சொன்னீங்களே டீச்சர், ஞாபகம் இருக்கா?" எனக்கு ஞாபகம் இல்லை. அவனுக்கு இருக்கிறது.

அப்படி இன்னும் யாரிடமாவது சொல்லியிருந்தால், பிள்ளைகளே, டீச்சரை மன்னித்துவிடுங்கள். உங்கள் பிள்ளைகளிடம் அதைச் சொல்லாதீர்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்