புதுச்சேரி இதழாளர்களின் புனைகதைகள்

புதுச்சேரி இதழாளர்களின் புனைகதைகள் என்பன, பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த புதுச்சேரியில் 1908க்கும் 1920க்கும் இடையில் தங்கியிருந்த தமிழ் இதழாளர்கள் எழுதிய கதைகளைக் குறிக்கும். இவர்களுள் சுப்பிரமணிய பாரதியாரும் வ. வே. சு. ஐயரும் முதன்மையானோர். இருவரும் உரைநடையில் முதலில் அறியப்பட்டது கட்டுரையாளர்களாகவே. தமிழ்ச் சிறுகதையின் தொடக்கம் பற்றிப் பேசுவோர் இவர்களைத் தவிர்க்க இயலாது.

பின்னணி

பாரதியார் ஆசிரியராக இருந்த 'இந்தியா' வார இதழ், பிரித்தானிய அரசின் அடக்குமுறையால் 1908இல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு மாறியது. பிரித்தானிய இந்தியாவில் அதன் பரவல் தடுக்கப்பட்டதால் 1910 மார்ச்சில் நின்றுபோயிற்று. நேரடி அரசியல் கட்டுரைக்கு இடம் குறைந்த இக்காலத்தில் கதை ஒரு மாற்று வழியாயிற்று எனலாம். எனினும் இதனை மட்டுமே காரணமாகக் கொள்வது பொருந்தாது. பாரதியார் 1905இலேயே 'சக்கரவர்த்தினி' இதழில் 'துளசீபாயி' என்னும் கதையை எழுதத் தொடங்கியிருந்தார்.

பாரதியார்

'இந்தியா'வில் தொடராக வந்து 1910இல் நூலான 'ஞானரதம்' கட்டுரைக்கும் கதைக்கும் நடுவில் நிற்பது. மனத்தைத் தேராக்கிப் பல உலகங்களுக்குச் செல்லும் கற்பனை அது.

'ஆறில் ஒரு பங்கு' என்னும் கதையில் இதழாளரின் கை தெளிவாகத் தெரிகிறது. தலைப்பே ஒரு கணக்கு: நாட்டு மக்களில் ஆறில் ஒரு பங்கினர் தீண்டத்தகாதோராக ஒடுக்கப்பட்டிருப்பதை அது சுட்டுகிறது. கோவிந்தராஜன், மீனாம்பாள் ஆகியோரின் காதல் கதைக்குள் வங்கத் தலைவர் அசுவினி குமார தத்தரும் வருகிறார். கதை என்பதால் அரசு விட்டுவிடவில்லை. 1911இல் சென்னை மாகாண அரசு இந்நூலையும் பாரதியாரின் 'கனவு' என்னும் தன்வரலாற்றுக் கவிதை நூலையும் தடை செய்தது.

1918இல் புதுச்சேரியை விட்டு நீங்கிய பின்னரும் இப்போக்கு தொடர்ந்தது. 'சுதேசமித்திரன்' நாளிதழில் வந்த 'சந்திரிகையின் கதை' விதவை மறுமணம் பற்றியது. அதில் ஜி. சுப்பிரமணிய ஐயரும் தெலுங்குச் சீர்திருத்தவாதி வீரேசலிங்கம் பந்துலுவும் கதைமாந்தர்களாகவே நடமாடுகின்றனர். 'சுதேசமித்திர'னை 1882இல் நிறுவியவர் அந்தச் சுப்பிரமணிய ஐயரே. விதவையான தம் மகளுக்கு மறுமணம் செய்துவைத்தவரும் ஆவார். உண்மை மனிதரைக் கதைக்குள் நடக்கவிடும் துணிவு செய்தித்தாள் பழக்கத்திலிருந்து வந்திருக்கலாம். பாரதியார் 1921இல் மறைந்தமையால் இப்புதினம் முற்றுப்பெறவில்லை. அங்கதச் சுவை மிக்க 'சின்னச் சங்கரன் கதை'யும் நமக்கு அரைகுறையாகவே கிடைத்துள்ளது.

வ. வே. சு. ஐயர்

திருச்சி வரகனேரியில் 1881இல் பிறந்த ஐயர், சட்டம் பயில இலண்டன் சென்று, அங்கிருந்து 'இந்தியா'வுக்கு எழுதியவர். 1910இல் பிரித்தானிய அரசின் கண்ணுக்குத் தப்பிப் புதுச்சேரி வந்து சேர்ந்தார். கரிபால்டி, நெப்போலியன் ஆகியோரின் வரலாறுகளும் திருக்குறளின் ஆங்கில மொழிபெயர்ப்பும் இவருடைய புனைவு சாராப் பணிகளுள் அடங்கும்.

இவருடைய 'குளத்தங்கரை அரசமரம்' 1915இல் 'விவேகபோதினி' இதழில் மனைவி பாக்கியலட்சுமி அம்மாள் பெயரில் வெளிவந்தது. மரமே கதையைச் சொல்கிறது. தந்தை செல்வம் இழந்ததும் ருக்மிணியைப் புகுந்த வீட்டார் ஒதுக்கி, கணவன் நாகராஜனுக்கு வேறு பெண் பார்க்கின்றனர். கடைசி நேரத்தில் பெற்றோரை ஏமாற்றிவிடலாம் என்றெண்ணி அவன் இசைவதுபோல் நடிக்கிறான். அதை அறியாத ருக்மிணி குளத்தில் உயிரை விடுகிறாள், அவன் துறவியாகிறான். படித்துறையே கதை சொல்லும் தாகூரின் வங்கக் கதை ஒன்றுடன் இதற்குள்ள ஒற்றுமையைத் திறனாய்வாளர்கள் சுட்டியுள்ளனர். மரம் இடையிடையே பெண்களின் நிலை குறித்து அறிவுரை கூறும் இடங்களில் பழைய கட்டுரையாளர் எட்டிப் பார்க்கிறார். ஆயினும் ஒரே நிகழ்வை நோக்கிக் கதையை நடத்திச் செல்லும் இறுக்கம் அக்காலத் தமிழுக்குப் புதியது.

இக்கதையும் பிற கதைகளும் 'மங்கையர்க்கரசியின் காதல்' என்னும் தொகுப்பாக, ஐயரே நடத்திய கம்ப நிலையத்தின் வெளியீடாக வந்தன. தமிழின் முதற் சிறுகதை 'குளத்தங்கரை அரசமரம்' என்று நெடுங்காலம் கூறப்பட்டது. பாரதியாரின் கதைகளையும் அ. மாதவையாவின் கதைகளையும் காட்டிப் பலர் இதனை மறுப்பர். காலத்தால் பாரதியாரின் கதைகள் முந்தியவை. வடிவ ஒழுங்கே ஐயருக்குச் சார்பான வாதமாகும்.

1920இல் புதுச்சேரியை விட்டு நீங்கிய ஐயர், 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியரானார். அதில் வெளிவந்த கட்டுரைக்காகச் சிறை சென்றபோது, கம்பராமாயணம் பற்றிய ஆய்வு நூலை ஆங்கிலத்தில் எழுதினார். 1925இல் பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்ற முயன்று உயிரிழந்தார்.