தரங்கம்பாடியில் கேள்வியும் மறுமொழியும்

தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையால் தரங்கம்பாடி டேனியரின் வணிகத் துறைமுகமாயிற்று. 1706 ஜூலை 9ஆம் நாள் பார்த்தலோமேயு சீகன்பால்கு, ஹைன்ரிக் புளூட்சோ என்னும் ஜெர்மானியர் இருவர் அங்கே கரையிறங்கினர். லுத்தரன் சமயத்தைப் பரப்ப டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரடெரிக் அனுப்பிவைத்தவர்கள் அவர்கள்.

போதிக்க வந்த சீகன்பால்கு முதலில் மாணவராக வேண்டியிருந்தது. உள்ளூர் வாத்தியார் ஒருவரிடம் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்தைக் கற்றார். பிறகு ஏட்டுச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். 1708இல் அவர் எழுதியனுப்பிய பட்டியலில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்கள் பற்றிய குறிப்புகள் இருந்தன. நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை அதே ஆண்டில் ஜெர்மானிய மொழியில் பெயர்த்தார். தமிழர் அறமறியாதவர் என்ற எண்ணத்தோடு வந்தவர், இந்த நூல்களைப் படித்தபின் அவ்வெண்ணத்தைக் கைவிட்டார்.

ஏட்டில் கிடைக்காததை மனிதரிடம் கேட்டறிய முனைந்தார். பிராமணர் முதலிய பலரோடு நடந்த உரையாடல்கள் எழுதிவைக்கப்பட்டன. அவற்றுள் 34 உரையாடல்கள் 1719இல் லண்டனில் ஆங்கிலத்தில் நூலாயின. 1712 முதல் 1714 வரை அவரும் உடன் ஊழியர் யோகான் எர்ன்ஸ்ட் குருண்ட்லரும் கேள்விகளை எழுதித் தமிழர்களுக்கு அனுப்பினர். தெய்வங்கள், வழிபாடு, கல்வி, மருத்துவம், சோதிடம், உணவு, சடங்கு, சாதி வழக்கம் எனக் கேள்விகள் பல துறைகளைத் தொட்டன. தமிழில் வந்த மறுமொழிகளுள் 99 கடிதங்கள் ஜெர்மானிய மொழிபெயர்ப்பில், ஜெர்மனியின் ஹாலே நகரில் 1714, 1717 ஆண்டுகளில் இரு பகுதிகளாக அச்சாயின.

இக்கடிதங்களின் சிறப்பு மறுமொழியின் துணிவில் இருக்கிறது. கிறிஸ்தவத்தைத் தமிழர் ஏன் ஏற்கவில்லை என்று கேட்டபோது, ஐரோப்பியரின் குடிப்பழக்கத்தையும் தூய்மைக் குறைவையும் மாட்டிறைச்சி உண்பதையும் அவர்கள் ஒளிக்காமல் சுட்டிக்காட்டினர். ஒவ்வொரு மக்களுக்கும் இறைவன் தனித்தனி வழி வகுத்திருக்கிறான் என்று வாதிட்டவர்களும் உண்டு. தம் சமயத்துக்கு எதிரான இச்சொற்களை ஊழியர்கள் நீக்காமல் ஐரோப்பிய வாசகருக்கு அனுப்பினர்.

ஆனால் இது சமநிலையில் இருந்தவர்களின் பேச்சன்று. கேள்வி கேட்டவர்களின் நோக்கம் இறுதிவரை மதமாற்றமே. கடிதங்களைத் தேர்ந்தவர்களும், மொழிபெயர்த்தவர்களும், அடிக்குறிப்பில் மறுத்தவர்களும் அவர்களே. எழுதியவர்களின் பெயர்கள் வெளியிடப்படவில்லை. தமிழ் மூலங்களும் இன்று இல்லை. இருந்தும் கேட்டுக் கேட்டு அறிந்தது கேட்டவரின் எழுத்தை மாற்றியது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் சீகன்பால்கு எழுதி முடித்த நூலில், தமிழர் எழுதிய கடிதங்களையே சான்றுகளாக எடுத்துக்காட்டினார்.

ஊழியர்களின் பணியை வழிநடத்திய ஹாலேயில் இந்நூலுக்கு வரவேற்பில்லை. ஊழியர்கள் அனுப்பப்பட்டது பிற சமயத்தை வேரறுப்பதற்கே ஒழிய, அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்பது அங்கிருந்த தலைவர் அகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கேயின் கருத்து. தெய்வங்களைப் பற்றிய நூல் 154 ஆண்டுகள் காத்திருந்து, 1867இல் சென்னையில் வில்ஹெல்ம் ஜெர்மானின் பதிப்பாக வெளிவந்தது. தமிழர் சமயத்தைப் பற்றி சீகன்பால்கு 1711இல் எழுதிய மற்றொரு நூல் 1926இல்தான் ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது.

சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23 அன்று, 36ஆம் வயதில் தரங்கம்பாடியில் இறந்தார். அவருடைய கேள்விகளுக்கு வந்த 99 மறுமொழிகளும் மொழிபெயர்ப்பிலேயே எஞ்சியிருக்கின்றன. ஆனாலும், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழமண்டலக் கரைத் தமிழர் தம் நம்பிக்கையையும் அன்றாட வாழ்வையும் தாமே விளக்கிச் சொன்ன அரிய பதிவு அது. அந்நியர் ஒருவர் கேட்கவும், கேட்டதை மறைக்காமல் எழுதிவைக்கவும் முன்வந்ததால் அது நமக்குக் கிடைத்திருக்கிறது.