கல்பாக்கத்து எரிபொருள் வேதியியலும் மேற்கோள் எண்ணிக்கையும்: சி. கே. மேத்யூஸ் குழுவின் இருவகை ஆய்வுகள்

முன்னுரை

கருங்குழிக்கு நேர் கிழக்கே, முப்பது கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலை ஒட்டி அமைந்துள்ளது கல்பாக்கம். 1971இல் அங்கு நிறுவப்பெற்ற அணு உலை ஆய்வு மையம், 1985இல் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அம்மையத்தின் வேதியியல் ஆய்வுகளை வழிநடத்திய இயற்பிய வேதியியலாளர் சி. கே. மேத்யூஸ். அவருடைய குழு ஏறத்தாழ ஒரே காலத்தில் இருவேறு பொருள்களை ஆராய்ந்தது. அவற்றுள் ஒன்று உலகெங்கும் எடுத்தாளப்பட்டது. மற்றொன்றை எடுத்தாளத்தக்க ஆய்வகங்களே உலகில் மிகச் சில. இவ்வேறுபாட்டின் வரலாற்றுக் காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

கட்டாயத்தில் பிறந்த எரிபொருள்

கல்பாக்கத்தின் வேக ஈனுலை, பிரான்சின் இராப்சோடி உலையை முன்மாதிரியாகக் கொண்டது. செறிவூட்டிய யுரேனியத்தின் ஆக்சைடும் புளூட்டோனிய ஆக்சைடும் கலந்த எரிபொருளே முதலில் திட்டமிடப்பட்டிருந்தது. 1974ஆம் ஆண்டுப் பொக்ரான் சோதனைக்குப் பின் செறிவூட்டிய யுரேனியம் வெளிநாட்டிலிருந்து கிடைக்கும் வாய்ப்பு அடைபட்டது. இயற்கை யுரேனியத்தைப் பயன்படுத்துவதாயின் புளூட்டோனியத்தின் பங்கை மிகவும் உயர்த்தியாக வேண்டும். அவ்வாறு உயர்த்திய ஆக்சைடோ குளிர்விப்பியான சோடியத்துடன் ஒத்துப்போகாது. எனவே 70 விழுக்காடு புளூட்டோனியக் கார்பைடும் 30 விழுக்காடு யுரேனியக் கார்பைடும் கொண்ட கலவை தேர்ந்தெடுக்கப்பட்டது. இத்தகைய எரிபொருளால் உள்ளகம் முழுவதையும் நிரப்பி உலையை இயக்கிய முன்னனுபவம் எந்நாட்டிலும் இல்லை. 1985 அக்டோபர் 18 அன்று உலை தொடர்வினை நிலையை எட்டியது.

இவ்விடத்தில் இயற்பிய வேதியியலின் பணி துணைப்பணியன்று. கார்பைடில் கார்பன் மிகுந்தால் அது துருப்பிடிக்கா எஃகு உறைக்குள் ஊடுருவி அதனை நொறுங்கத்தக்கதாக்கும். குறைந்தால் தனி உலோகம் தோன்றி, உறையின் கூறுகளுடன் சேர்ந்து தாழ்ந்த வெப்பநிலையிலேயே உருகும். கார்பனின் ஆற்றல்நிலை, ஆவியழுத்தம், உருகுநிலை ஆகியன அளந்தறியப்பட்டாலன்றி எரிபொருள் எவ்வளவு தாங்கும் என்று சொல்ல இயலாது. கையுறைப் பெட்டிகளுக்குள் புளூட்டோனியத்தைக் கையாண்டு செய்ய வேண்டிய அளவீடுகள் இவை. விரைவில் கட்டுரையாகும் இயல்பின அல்ல.

அதே கருவி, வேறு பொருள்

உலை இயங்கத் தொடங்கிய அதே 1985இல்தான் குரோட்டோ, கர்ல், ஸ்மாலி ஆகியோர் அறுபது கார்பன் அணுக்களாலான ஃபுல்லரினைக் கண்டறிந்தனர். 1990இல் அதனைக் கிராம் அளவில் உருவாக்கும் வழி புலப்பட்டதும் உலகின் ஆய்வகங்கள் பலவும் அதன்பால் திரும்பின. கல்பாக்கமும் திரும்பியது. எரிபொருளின் ஆவியை ஆராயப் பழகிய நுட்சன் கல நிறை நிறமாலை முறையைக் கொண்டே ஃபுல்லரினின் ஆவியாதலை மேத்யூஸ் குழு அளந்தது. அக்கட்டுரை 1992இல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் இயற்பிய வேதியியல் இதழில் வெளிவந்தது. கரிமக் கரைப்பான்களில் ஃபுல்லரினின் கரைதிறன் பற்றிய கட்டுரையும் அதே ஆண்டில் அக்கழகத்தின் கரிம வேதியியல் இதழில் வெளிவந்தது. ஃபுல்லரினைக் கரைத்துப் பிரிக்க வேண்டிய ஒவ்வோர் ஆய்வகத்துக்கும் அவ்வெண்கள் தேவைப்பட்டன, எனவே எடுத்தாளப்பட்டன. இதில் வியப்பில்லை. ஆனால் கருவியும் கைத்திறனும் எரிபொருள் ஆய்வில் விளைந்தவை என்பதை மேற்கோள் அட்டவணை எதுவும் காட்டாது.

எண்ணிக்கையின் எல்லை

யூஜின் கார்ஃபீல்டு 1955இல் முன்மொழிந்து, 1960களில் நூல்வடிவில் வெளிவரத் தொடங்கிய அறிவியல் மேற்கோள் அட்டவணை, அடிப்படையில் ஒரு தேடற்கருவி. அது பின்னாளில் ஆளை அளக்கும் கோலாயிற்று. 2005இல் ஹிர்ஷ் என்னும் இயற்பியலாளர் எச்-குறியீட்டை முன்வைத்தார். 2010ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறை, இதழின் தாக்கக் காரணிக்கேற்ப ஆசிரியர்க்குக் கூடுதல் மதிப்பெண் வழங்கியது. இவ்வளவைகள் உண்மையில் எண்ணுவது, ஒரே பொருளில் எழுதிக்கொண்டிருப்போரின் தொகையையும் சேர்த்தே. ஃபுல்லரினுக்கு அத்தொகை பெரிது. புளூட்டோனியம் மிகுந்த கார்பைடுக்கோ மிகச் சிறிது. மேத்யூஸ் குழுவின் கட்டுரைப் பட்டியலை மட்டும் முன்வைத்து மதிப்பிடும் குழு, அவர்களின் தலையாய பணியைக் கிளைப்பணியாகவும் கிளைப்பணியைத் தலையாயதாகவும் கொள்ள நேரிடும். மேற்கோள் எண்ணிக்கை பொய்யன்று. ஃபுல்லரின் கட்டுரைகள் பெற்ற கவனம் தகுதியானதே. அவ்வெண்ணை வேறு துறையின் எண்ணோடு நிறுப்பதுதான் பிழை.

எரிபொருள் ஆய்வுக்குரிய சான்று உலையிலேயே பதிவாகியுள்ளது. தொடக்கத்தில் டன்னுக்கு 25,000 மெகாவாட்-நாள் என்றே எரிவளவுக்கு வரம்பிடப்பட்டிருந்தது. உலையிலிருந்து எடுத்த எரிகோல்களைப் படிப்படியாக ஆராய்ந்து அவ்வரம்பை உயர்த்தினர். 2002இல் எரிவளவு 1,00,000ஐ எட்டியது. பின்னர் 1,65,000 வரை சென்றது. அவ்வாறு எரிந்த கார்பைடைக் கரைத்துப் புளூட்டோனியத்தை மீட்கும் பணி, 2003 முதல் கல்பாக்கத்திலேயே கோரல் என்னும் மறுசெயலாக்கக் கூடத்தில் நடைபெற்று வருகிறது.