ஈழத்து நவீன கலைக்கூடங்களும் கல்முனைக் கரையும்: ஒரு வரலாற்று நோக்கு

இலக்கிய வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு ஏடுகள் சான்றாகின்றன. அரசியல் வரலாற்றை எழுதப் புகுவோர்க்குச் சாசனங்கள் சான்றாகின்றன. கலை வரலாற்றுக்கோ கலைப்பொருள்களே தலையாய சான்று. பொருள் அழிந்தவிடத்து அதன் வரலாறும் பெரும்பாலும் அழிந்துபோகின்றது. எனவே, எதனைக் காப்பது, எதனை விடுவது எனத் தீர்மானிக்கும் நூதனசாலைகள் வரலாற்றைப் பேணும் நிறுவனங்கள் மட்டுமல்ல. ஒருவகையில் வரலாற்றை ஆக்கும் நிறுவனங்களுமாகும். இவ்வுண்மையை மனத்திற்கொண்டு, ஈழத்தில் நவீன கலைத் தொகுதிகள் உருவான வரலாற்றையும், அத்தொகுதிகளுக்குப் பெரிதும் வெளியே நின்றுவிட்ட கல்முனைக் கரையின் கைவண்ணத்தையும் ஒருங்குவைத்து நோக்குவது பயனுடைத்து.

ஈழத்தில் நூதனசாலை என்னும் நிறுவனம் குடியேற்ற ஆட்சியின் வழி வந்தது. தேசாதிபதி வில்லியம் கிறெகரியின் முயற்சியாற் கொழும்பு நூதனசாலை 1877ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி திறந்துவைக்கப்பட்டது. அம்மாபெருங் கட்டடத்தை எழுப்பியவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார் என்னும் முஸ்லிம் கட்டடக் கலைஞர். அவர் விரும்பும் பரிசு யாதெனத் தேசாதிபதி வினவியபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைத்தல் வேண்டுமென்பதே தம் விருப்பம் என அவர் விடையிறுத்ததாக ஒரு செய்தி வழங்கிவருகின்றது. இச்செய்தி ஈண்டுச் சிந்திக்கத் தக்கது. ஈழத்தின் முதற்பெரும் நூதனசாலையின் சுவர்களை எழுப்பிய கைகள் ஒரு முஸ்லிமின் கைகள். ஆயினும், அச்சுவர்களுக்குள் வைத்துப் போற்றப்பட்ட பொருள்களுள் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் கைவினை சிறப்பிடம் பெறவில்லை.

அதே 1877ஆம் ஆண்டிற் கொழும்பிற் பிறந்தவர் ஆனந்த குமாரசுவாமி. ஈழத்துக் கைவினைஞர் மரபை ஆராய்ந்து அவர் எழுதிய மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் 1908ஆம் ஆண்டு வெளிவந்தது. ஓவியத்தையும் சிற்பத்தையும் மட்டுமன்றி, நெசவு, பாய் முடைதல், தச்சு, மட்பாண்டம் முதலியவற்றையும் கலையென ஏற்று அந்நூல் ஆராய்ந்தது. 1917 முதல் அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையிற் பணியாற்றிய அவர், அங்கு வைக்கப்பட்ட பொருள்கள் எவையும் நூதனசாலையில் வைப்பதற்கென ஆக்கப்பட்டவை அல்ல. வாழ்க்கைப் பயன் கருதியே ஆக்கப்பட்டவை என்பதை மீண்டும் மீண்டும் வற்புறுத்தினார். பயன்பாடு வேறு, அழகு வேறு எனப் பிரிப்பது பிற்காலத்து வழக்கு என்பது அவர் துணிபு. கொழும்பிலே தேசிய கலாபவனம் அமைந்துள்ள வீதி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

ஈழத்து நவீன ஓவியத்தின் திருப்புமுனை 1943ஆம் ஆண்டாகும். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திற் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ற் அவர்களின் இல்லத்திற் கூடிய ஓவியர்கள் "நாற்பத்து மூன்றாம் குழு" என்னும் அமைப்பை உருவாக்கினர். ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தரணியகல, ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், றிச்சர்ட் கேப்ரியல், மஞ்சுசிறி முதலியோர் அதன் உறுப்பினராய் விளங்கினர். ஆங்கிலக் கலைக் கழகங்களின் மரபை அப்படியே பின்பற்றிய வரைமுறையை அவர்கள் புறக்கணித்தனர். ஐரோப்பிய நவீன ஓவியத்தின் உத்திகளையும் இந்நாட்டின் வாழ்வையும் மரபையும் இணைத்துப் புதியதொரு நெறியை வகுத்தனர். அவர்களின் படைப்புகள் 1952இல் லண்டனிலும் 1953இற் பாரிசிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன.

இக்குழுவினரின் படைப்புகள் சிதறிப்போகாது காத்தவர்களுள் முதன்மையானவர் ஹரி பீரிஸ். அவர் 1974ஆம் ஆண்டு சபுமல் மன்றத்தை நிறுவினார். கொழும்பு பார்ண்ஸ் பிளேசில் அவர் வாழ்ந்த ஓட்டுக்கூரை இல்லமே கலைக்கூடமாயிற்று. அங்குச் செல்பவர் காண்பது அரச மாளிகையொன்றன்று; ஓவியங்கள் நிறைந்த ஒரு வீடு. கீற்றின் உறுதியான வளைகோடுகளும், தரணியகலவின் அடர்ந்த வண்ணப் பூச்சும், கேப்ரியல் தீட்டிய உழைக்கும் மக்களும் ஒரே கூரையின் கீழ் அமைந்து ஒரு தலைமுறையின் தேடலை உணர்த்துகின்றன. ஐவன் பீரிசின் கடற்கரை ஓவியங்கள் தனித்துக் குறிப்பிடத்தக்கன. 1953 முதல் தாம் மறைந்த 1988 வரை இங்கிலாந்தில் வாழ்ந்த அவர், பிறந்த நாட்டின் கரையையும் கடலையும் நினைவிலிருந்தே மீண்டும் மீண்டும் தீட்டினார். ஒரு தனிமனிதரின் வீடும் விருப்பமும் இல்லாதிருந்தால் இத்தகைய தொகுதியொன்று எஞ்சியிருக்குமா என்பது ஐயமே.

இதன்பின் நெடுங்காலங் கழித்து, 2019ஆம் ஆண்டு டிசம்பரில் இலங்கை நவீன மற்றும் சமகாலக் கலை அருங்காட்சியகம் கொழும்பில் தொடங்கப்பட்டது. அதன் முதற் காட்சியின் பெயர் ஈழத்துக் கவிஞர் சேரனின் கவிதையொன்றிலிருந்து பெறப்பட்டது. காட்சிப் பொருள்களுக்கான விளக்கங்கள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் அமைந்தன. கல்முனையிலிருந்து இரவுப் பேருந்திற் புறப்பட்டு விடியற்காலையிற் கொழும்பை அடையும் மாணவனொருவன், நவீன ஓவியமொன்றன் பொருளைத் தன் தாய்மொழியிற் படித்தறிய முடிந்தமை சிறியதொரு மாற்றமன்று. ஆயினும், மொழியிற் கிடைத்த இடம் பொருளிலும் கிடைத்ததா என்னும் வினா எஞ்சி நிற்கின்றது.

மருதமுனை தொடக்கம் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரை நீளும் இக்கரையிற் கலை இருந்ததா என வினவுவோர் உளர். உருவம் வரைதலை இஸ்லாமிய மரபு ஊக்குவிக்காமையால் இங்கு ஓவியக்கலை வளரவில்லை என்பர் சிலர். அவர்கள் சட்டமிட்ட படத்தை மட்டுமே கலையெனக் கொள்கின்றனர். சதுப்பு நிலத்துப் பன்னை வெட்டி உலர்த்திச் சாயமேற்றிப் பெண்கள் இழைத்த பாய்களில், உருவமில்லாத கோலங்கள் எண்ணிக்கையின் ஒழுங்கினால் மட்டுமே பிறந்தன. மருதமுனைத் தறிகளிற் பாவும் ஊடையும் சந்திக்கும் கட்டங்களிற் சாரமும் சேலையும் வண்ணம் பெற்றன. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றம் நடைபெறுகின்றது; அக்கொடிகளும் துணியில் அமைந்த வடிவங்களே. தாய்வழிக் குடிமரபு நிலவும் இப்பிரதேசத்தில் வீடு மகளுக்கே சீதனமாகச் சேர்வதாலே, தாயின் கைத்திறன் அதே வீட்டில் மகளுக்குக் கைமாறவும் வாய்ப்பிருந்தது.

இவற்றை நவீன கலைக்கூடத்தில் வைப்பது பொருந்துமா எனின், பிறநாட்டு வரலாறு விடை தருகின்றது. சுவிற்சர்லாந்தில் வளர்ந்த ஓவியர் பவுல் கிளே 1914ஆம் ஆண்டு வட ஆபிரிக்காவின் துனிசியாவுக்குச் சென்று திரும்பிய பின்னரே வண்ணத்தின் மெய்ப்பொருளைத் தாம் கண்டுகொண்டதாக உணர்ந்தார். சதுரங்களாய் அமையும் வண்ண ஒழுங்கு அவர் ஓவியங்களிற் பின்னர் நிலைபெற்றது. 1929இல் நிறுவப்பட்ட நியூயோர்க் நவீன கலை நூதனசாலை, 1949இல் அன்னி அல்பேர்ஸ் என்னும் நெசவுக் கலைஞரின் துணிகளுக்கெனத் தனிக் காட்சியொன்றை நடத்தியது. நெய்த துணி நவீன கலையே என உலகின் முதன்மையான கலைக்கூடமொன்று ஏற்று முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அங்ஙனமாயின், பன்பாயைப் பழம்பொருளென ஒதுக்குதற்கு நியாயமில்லை.

ஆனால், கல்முனைக் கரையின் கலை இயல்பாகவே நிலையாமை உடையது. பாய் விரித்துப் படுத்துத் தேய்வது. சாரம் உடுத்துக் கிழிவது. புதியன தொடர்ந்து ஆக்கப்பட்டவரை இத்தேய்வு இழப்பாகத் தோன்றவில்லை. 1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரக் கொள்கை இறக்குமதித் துணிகளுக்கு வாயில் திறந்தபோது நாடெங்கும் கைத்தறி நலிந்தது; மருதமுனையும் அதற்கு விலக்காகவில்லை. பிளாஸ்ரிக் பாய்களின் வருகையாற் பன்பாய் வழக்குக் குறைந்தது. 1990ஆம் ஆண்டின் வன்செயல்கள் இக்கரையின் தமிழரையும் முஸ்லிம்களையும் ஒருவரிடமிருந்து ஒருவர் அகற்றியதோடு பலரை இடம்பெயரவும் செய்தன. ஈற்றில், 2004 டிசம்பர் 26ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. கரையோர வீடுகளுடன் பெட்டகங்களும் தறிகளும் பாய்களும் கடலிற் போயின. உயிரிழப்பின் முன்னே பொருளிழப்பைப் பேசுதல் தகாதென அக்காலத்தில் எவரும் அதனைக் கணக்கிடவில்லை. அது மனித இயல்பே. ஆனால் இன்று அக்கணக்கின்மையே வரலாற்றின் இடைவெளியாகிவிட்டது.

இக்கரையின் கரைதீவிலே தோன்றிய சுவாமி விபுலானந்தரின் பணி ஈண்டு ஒப்புநோக்கற்பாலது. வழக்கொழிந்த யாழ்க்கருவியை எந்த நூதனசாலையிலும் காணவியலாத நிலையில், பழந்தமிழ் நூல்களையும் கணிதத்தையும் துணைக்கொண்டு அவர் அதன் இலக்கணத்தை மீட்டார். அவரது யாழ்நூல் 1947இல் வெளிவந்தது. யாழ் அழிந்தும் அதனைப் பாடிய நூல்கள் எஞ்சியிருந்தமையால் அது கைகூடிற்று. பன்பாயின் கோலங்களுக்கு அத்தகைய நூல்கள் இல்லை. அவற்றின் இலக்கணம் இழைக்கும் விரல்களிலேயே உள்ளது. விரல் மறப்பின் மீட்பதற்கு வழியில்லை.

இதற்கு முன்மாதிரியும் ஈழத்திலேயே உண்டு. நாற்பத்து மூன்றாம் குழுவைச் சேர்ந்த மஞ்சுசிறி, விகாரைதோறும் சென்று அழிந்துவந்த சுவரோவியங்களையும் அவற்றின் கோலங்களையும் பொறுமையுடன் படியெடுத்தார். அவருடைய படிகள் 1977இல் நூலுருவும் பெற்றன. மூலங்கள் சிதைந்த விடத்து அப்படிகளே சான்றாகின்றன. காத்தான்குடியில் 2015இல் திறக்கப்பட்ட பூர்வீக நூதனசாலை முஸ்லிம்களின் பழைய வாழ்க்கையைக் காட்டுதற்கு எடுத்த முயற்சியும் பாராட்டத்தக்கது. எனினும், வாழ்க்கைக் கருவியாக ஒரு பொருளைக் காட்டுவது வேறு. அதனை ஆக்கியவரின் பெயர், ஆக்கிய முறை, வண்ணத் தெரிவு, கோலத்தின் பெயர் ஆகியவற்றைப் பதிந்து கலைப்படைப்பாகக் காட்டுவது வேறு. முன்னையது ஒரு சமூகம் எவ்வாறு வாழ்ந்தது என்பதைக் கூறும். பின்னையது அச்சமூகம் எவ்வாறு சிந்தித்தது என்பதைக் கூறும்.

இப்பணியைத் தொடங்குதற்குப் பெருங் கட்டடம் வேண்டியதில்லை என்பதைச் சபுமல் இல்லமே உணர்த்துகின்றது. 1995இற் கல்லூரியாகத் தொடங்கி 1996இற் பல்கலைக்கழகமாகிய ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இக்கரையிலேயே உள்ளது. மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தரின் பெயரால் அழகியற் கற்கை நிறுவகமும் இயங்குகின்றது. இவ்விரண்டும் கைகோத்து, இன்றும் இழைக்கவும் நெய்யவும் அறிந்த முதியோரை நாடி, அவர்தம் வாய்மொழியையும் கைவேலையையும் பதிந்து, ஓர் அறையளவேனும் ஒரு தொகுதியைத் திரட்டுமாயின், எதிர்கால வரலாற்றாசிரியனுக்கு அது முதற் சான்றாகும். திரட்டுவோர் தமிழூரின் தறியையும் முஸ்லிம் ஊரின் பாயையும் வேறு வேறு அறைகளிற் பிரித்து வையாதிருப்பாராயின், அதுவும் வரலாற்றுக்குச் செய்யும் நேர்மையாகும். ஏனெனில் ஒரே வீதியின் இருமருங்கிலும் வாழ்ந்தோரின் கைகள் ஒன்றையொன்று அறிந்தே தொழில் செய்தன. பாய் இழைக்கும் தாய்மார் இன்னும் உளர். அவர்கள் உள்ளபோதே செய்யத்தக்க பணி இது.