மக்கத்து மண்ணில் ஓடிய ஆறு

உம்ரா நிறைவேற்றித் திரும்பிய என் தம்பி மகன், ஸம்ஸம் நீரும் பேரீச்சம்பழமும் தருவதற்காக வீட்டிற்கு வந்திருந்தான். அவ்வேளையில் என் மேசைமீது சீறாப்புராணம் விரிந்து கிடந்தது. நாட்டுப் படலத்தின் சில பக்கங்களைப் புரட்டியவன் நிமிர்ந்து பார்த்து, "பெரிய வாப்பா, மக்காவில் பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன். எங்கு திரும்பினாலும் கரும்பாறை மலைகள்தாம். இவரோ ஆறு பெருகி ஓடுகிறது, வயலில் உழுகிறார்கள், நெல் விளைகிறது என்றெல்லாம் எழுதுகிறாரே! அரபு நாடு எப்படி இருக்கும் என்பதே தெரியாமல் பாடிவிட்டாரா?" என்று கேட்டான். சற்று நேரம் கழித்து இன்னொன்றும் கேட்டான்: "இதிலேயே இப்படி என்றால் மற்றதை எப்படி நம்புவது?"

முதற்கேள்விக்குச் சிரித்தபடி விடை சொல்லிவிடலாம். இரண்டாவதை அவ்வாறு விட்டுவிட இயலாது. நம் வீடுகளின் பரண்களிலிருந்து எத்தனையோ பழைய நூல்கள் பழைய தாள் கடைக்குப் போனதற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம். ஆகவே அதனைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

உமறுப் புலவர் 17ஆம் நூற்றாண்டினர். கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றவர். எட்டயபுரம் அரசவைப் புலவராக இருந்தவர். கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் தூண்டுதலால் தொடங்கிய காப்பியப் பணியை, அவ்வள்ளலுக்குப் பின்னர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவில் தொடர்ந்தார். விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்றத்துக் காண்டம் என மூன்று காண்டங்களும், 92 படலங்களும், 5,027 பாடல்களும் கொண்டது அக்காப்பியம். ஏட்டுச்சுவடிகளில் வழங்கி வந்த அதனை 1842இல் ஷெய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் அச்சேற்றினார். 'புலவர் நாயகம்' என்று நம் முன்னோர் போற்றியது அவரைத்தான்.

இத்தகைய புலவருக்கு அரபு நாடு பாலை நிலம் என்பது தெரியாதா? காயலுக்கும் கீழக்கரைக்கும் அரபு நாட்டிலிருந்து குதிரைகள் வந்திறங்கியது உமறுப் புலவருக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய செய்தி. மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே காயல் துறைமுகத்தையும் அங்கு வந்த குதிரைகளையும் பற்றி எழுதி வைத்திருக்கிறார். ஹஜ்ஜுக்குக் கப்பலேறி மீண்டவர்கள் கடற்கரை ஊர்களில் இருந்தார்கள். இவற்றையெல்லாம் ஒதுக்கி வைத்தாலும் ஒரு சான்று எஞ்சி நிற்கும். திருக்குர்ஆனின் 14ஆம் அத்தியாயம் 37ஆம் வசனத்தில், இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் மக்களைக் குடியமர்த்திய இடத்தைக் குறித்து இறைவனிடம் முறையிடும்போது, அது பயிர் விளையாத பள்ளத்தாக்கு என்றே குறிப்பிடுகிறார்கள். நபி வரலாற்றின் செய்திகளை மார்க்க மேதை ஸதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களின் வழியே உமறு பெற்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. ஆலிம்கள் சூழ்ந்திருந்த ஒரு புலவருக்கு அவ்வசனம் எட்டவில்லை என்று எவரால் சொல்ல முடியும்?

அன்றியும், சுரம் எத்தகையது என்பதை உமறே தம் காப்பியத்தில் காட்டுகிறார். 'சுரத்திற் புனலழைத்த படலம்' என்றே ஒரு படலம் விலாதத்துக் காண்டத்தில் உண்டு. வணிகக் கூட்டத்துடன் ஷாம் நாட்டிற்குச் செல்லும் வழியில், நீரற்ற கொடுஞ்சுரத்தில் தண்ணீர் வரவழைக்கப்பட்ட நிகழ்ச்சியைப் பாடும் பகுதி அது. ஆகவே நாட்டுப் படலத்தில் அவர் வயலை வைத்தது தெரிந்தே செய்த செயல்.

ஏன் செய்தார்? எளிய விடை ஒன்று உண்டு. பெருங்காப்பியம் என்றால் மலை, கடல், நாடு, நகர், பருவம் ஆகியவற்றின் வருணனை அமைய வேண்டும் என்று தண்டியலங்காரம் இலக்கணம் வகுக்கிறது. சீவக சிந்தாமணியும் கம்பராமாயணமும் அவ்வழி நடந்தவை. மேகம் கடல்நீரை முகந்து மலையில் பொழிய, வெள்ளம் ஆறாகித் திணைகள்தோறும் பாய்ந்து வயலை விளைவிப்பது தமிழ்க் காப்பியத்தின் வாயில் போன்றது. அவ்வாயில் வழியேதான் உமறும் நுழைந்தார். இது உண்மையே, ஆயினும் பாதி உண்மைதான். மரபு என்று சொல்லிவிட்டால், அம்மரபைக் கொண்டு புலவர் சொல்ல வந்தது என்ன என்ற வினா அப்படியே நின்றுவிடுகிறது.

தமிழ்க் கவிதையில் நிலம் வெறும் இடமாக நின்றதே இல்லை. குறிஞ்சி என்றால் கூடல், முல்லை என்றால் காத்திருத்தல், நெய்தல் என்றால் இரங்கல், மருதம் என்றால் ஊடல், பாலை என்றால் பிரிவு. சங்கப் புலவர் வாடிய மரத்தைக் காட்டினால், கேட்பவர் பிரிந்தவரின் நெஞ்சைக் கண்டார்கள். சொல்லப்படும் பொருள் ஒன்றாகவும் அது சுட்டும் பொருள் வேறொன்றாகவும் இருப்பதைத்தான் இன்று குறியீடு என்கிறோம். இதில் பாலையைக் குறித்துச் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை சொல்லும் கருத்து நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. பாலை என்று தனியாக ஒரு நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனில் வெம்மையால் தம் இயல்பை இழந்து திரியும்போது, அத்திரிந்த நிலையே பாலையாகிறது என்கிறார் இளங்கோவடிகள். தமிழ் அறிந்தவருக்குப் பாலை என்பது பிறவியிலேயே வறண்ட மண் அன்று. மழை மறுக்கப்பட்ட மண். மழை திரும்பினால் அது தன் பழைய இயல்பிற்கு மீளும்.

இந்தத் தமிழ் மரபோடு உமறுப் புலவர் உள்ளத்தில் வந்து கலந்தது திருமறையின் மரபு. திருக்குர்ஆனின் வசனத்தை 'ஆயத்' என்கிறோம். அரபியில் அச்சொல்லுக்கு அடையாளம், சான்று என்பதே பொருள். வானத்தையும் இரவு பகலையும் மழையையும் இறைவன் அதே சொல்லால்தான் சுட்டுகிறான். வறண்டு கிடக்கும் பூமி மழை பெற்றுக் கிளர்ந்தெழுவது, மரித்தோர் உயிர்ப்பிக்கப்படுவதற்குச் சான்று என்று 41ஆம் அத்தியாயம் 39ஆம் வசனம் கூறுகிறது. 30ஆம் அத்தியாயம் 50ஆம் வசனம் மழையின் விளைவுகளை இறையருளின் சுவடுகளாகப் பார்க்கச் சொல்கிறது. 'ரஹ்மத்' என்னும் அதே சொல் 21ஆம் அத்தியாயம் 107ஆம் வசனத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் குறித்து வருவதையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

இவ்வளவோடு நின்றால் நாமாகப் பொருத்திப் பார்க்கிறோம் என்று எவரேனும் சொல்லக்கூடும். ஆனால் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அறிவிக்க, ஸஹீஹுல் புகாரியின் கல்வி பற்றிய பகுதியில் ஒரு நபிமொழி இடம்பெற்றுள்ளது. தம்மை எந்த நேர்வழியுடனும் அறிவுடனும் அல்லாஹ் அனுப்பினானோ, அது நிலத்தில் பெய்த பெருமழை போன்றது என்று நாயகம் (ஸல்) அவர்களே உவமை சொன்னார்கள். ஒரு நிலம் நீரை உறிஞ்சிப் புல்லும் பயிரும் முளைக்கச் செய்தது. இன்னொரு நிலம் இறுகியது. முளைக்கச் செய்யாவிடினும் நீரைத் தேக்கி வைத்தது, மக்கள் பருகினர், கால்நடைகளுக்குப் புகட்டினர், பயிருக்குப் பாய்ச்சினர். மூன்றாவது நிலம் நீரைத் தேக்கவும் இல்லை, எதையும் முளைப்பிக்கவும் இல்லை. மழை, நிலம், விளைச்சல் ஆகிய மூன்றும் ஒரு தூதுத்துவத்தின் வரலாறாக அந்த உவமையில் அமைந்துவிடுகின்றன.

இனி நாட்டுப் படலத்திற்குத் திரும்புங்கள். மேகம் பொழிகிறது, நீர் மலையிலிருந்து இறங்குகிறது, திணை பார்க்காமல் எல்லா நிலத்தையும் தொடுகிறது, வயல் விளைகிறது. மழை மறுக்கப்பட்ட நிலமே பாலை என்று அறிந்த ஒரு தமிழர், நேர்வழியே மழை என்று கற்ற ஒரு முஸ்லிம், இருவரும் ஒருவராகவே இருந்து இப்படலத்தைப் பாடியிருக்கிறார். அவர் மக்கத்து மண்ணில் ஆற்றை ஓடவிட்டதை, அம்மண்ணிற்கு வரவிருந்த அருளின் அடையாளமாகவே நான் வாசிக்கிறேன்.

நாயகம் (ஸல்) அவர்கள் பிறப்பதற்கு முன்னரே நாடு செழித்திருப்பதாகப் பாடுவது ஏன் என்று கேட்கலாம். நியாயமான தடைதான். காப்பியப் புலவர் முடிவை அறிந்தே முதலைப் பாடுகிறார் என்பதே என் விடை. நாட்டுப் படலத்தையும் நகரப் படலத்தையும் அடுத்து வருவது தலைமுறைப் படலம். ஆதம் (அலை) அவர்கள் தொடங்கி வழிவழியாக ஒளி ஒன்று இறங்கி வருவதை அது பாடுகிறது. முதலில் நீர் மேலிருந்து இறங்குகிறது, பிறகு ஒளி இறங்குகிறது, அதன் பின்னரே நபியவதாரப் படலம். இவ்வரிசை தற்செயலாக அமைந்தது என்று எனக்குத் தோன்றவில்லை.

இவ்விடத்தில் கஸீதத்துல் புர்தாவையும் எண்ணிப் பார்க்கலாம். நம் வீடுகளில் அதனை ஓதக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். 13ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த இமாம் பூஸீரி அவர்கள், தூஸலம், காழிமா, இழம் என்னும் அரபு மண்ணின் இடப்பெயர்களைச் சொல்லியே அக்கவிதையைத் தொடங்குகிறார். காற்று அங்கிருந்து வீசியதா, மின்னல் அங்கு ஒளிர்ந்ததா என்று கேட்கும் அவ்வரிகளில் புவியியலைத் தேடுவோர் எவருமில்லை. அவை ஏக்கத்தின் பெயர்கள் என்பதை ஓதுவோர் அறிவர். பூஸீரி தாம் இருந்த இடத்திலிருந்து அரபு மண்ணை நோக்கி ஏங்கினார். உமறோ அம்மண்ணையே தம் ஊர் வயற்கரைக்கு அழைத்து வந்துவிட்டார். 17ஆம் நூற்றாண்டில் அரபி அறியாத ஓர் உழவர், நூலைப் பிறர் பாடக் கேட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்த நாடு தமக்கு அந்நியமானதாகத் தோன்றியிராது.

இதைச் சொல்லும்போது எதிர்ப்பக்கத்துப் பிழை ஒன்றையும் எச்சரிக்கத் தோன்றுகிறது. ஒவ்வொரு நெற்கதிருக்கும் ஒரு மறைபொருள் தேடுவது வீண் வேலை. பல பாடல்கள் காப்பிய அழகிற்காகவே பாடப்பட்டவை. அவற்றைச் சுவைத்தால் போதும். அதைவிட முக்கியமானது வேறொன்று. உமறு நிகழ்ச்சியாகச் சொல்வதைக் குறியீடு என்று நாம் மாற்றிவிடக் கூடாது. மானுக்காக நாயகம் (ஸல்) அவர்கள் வேடனிடம் பிணை நின்ற வரலாற்றை அவர் நடந்த நிகழ்ச்சியாகவே பாடுகிறார். அந்த அறிவிப்பைப் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்களிடையே ஏற்பும் உண்டு, மறுப்பும் உண்டு. அதனை அறிவிப்பாளர் தொடரை வைத்து ஆலிம்களிடம் கேட்க வேண்டும். வயலைப் பற்றிய கேள்வியையோ கவிதையிடம்தான் கேட்க வேண்டும். தம்பி மகன் இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்ததால்தான் அவனுக்கு அந்த ஐயம் எழுந்தது.

நான் சொன்னதை முழுதும் அவன் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. புகாரியின் நபிமொழியைக் கைப்பேசியில் தேடி எடுத்து இருமுறை படித்தான். பின்னர் நூலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "சுரத்திற் புனலழைத்த படலம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேட்டான். என் வாப்பா வாங்கிய பதிப்பு அது. பாதித் தாள்கள் கட்டிலிருந்து கழன்றுவிட்டன. அப்படலம் தொடங்கும் தாளைத் தேடி எடுக்க எங்களுக்குச் சற்று நேரம் பிடித்தது.