பாய்மரப் படகுப் பந்தயம்: படகில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது?

ஓமனின் முஸன்னாவில் 2021 ஏப்ரலில் நடைபெற்ற தகுதிச்சுற்றின் மூலம் டோக்கியோ ஒலிம்பிக்கிற்குத் தேர்வான தமிழக வீரர்கள் நேத்ரா குமணன், விஷ்ணு சரவணன் இருவரும் செலுத்தியது ஒரே வகைப் படகு. 'லேசர்' என்று அறியப்பட்டு, தற்போது 'ஐஎல்சிஏ' என அழைக்கப்படும் இப்படகை ஒருவரே செலுத்துவார். நீளம் சுமார் 4.2 மீட்டர், எடை சுமார் 59 கிலோ. ஆடவர் பிரிவில் பாயின் பரப்பு 7.06 சதுர மீட்டர், மகளிர் பிரிவில் சுமார் 5.7. பாயும் பாய்மரத்தின் கீழ்ப்பகுதியும் மட்டுமே வேறுபடும்.

பிற வகைகள் பலவற்றில் ஒவ்வொரு படகையும் அளந்து சான்றிதழ் வழங்குவர். இதில் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் தயாரித்த படகு என்பதே சான்று. பணம் செலவழித்து வேகத்தை வாங்க முடியாதபடி விதி கறாராக உள்ளது: அனுமதிப்பதாகக் குறிப்பிடப்படாத எந்த மாற்றமும் தடைசெய்யப்பட்டதே. பாயை இழுத்துச் சீரமைக்கும் கயிறுகளை விதிகள் அனுமதிக்கும் வரம்புக்குள் மாற்றலாம்; அடிப்பகுதியைத் தேய்த்து வடிவத்தைத் திருத்தக் கூடாது.

பழைய படகு வாங்கும் கிளப் வீரர்களுக்குச் சிக்கல் பெரும்பாலும் பாயில்தான். விலை குறைந்த மாற்றுப் பாய் பயிற்சிக்கு உதவும். ஆனால், வகை விதிகளின்படி நடைபெறும் பந்தயத்தில் அதைப் பயன்படுத்தினால், எதிர்ப்பு மனு மீதான விசாரணைக்குப் பின் தகுதி நீக்கம் செய்யப்படலாம்.

ஒலிம்பிக்கில் இச்சிக்கலே இல்லை. டோக்கியோவில் இவ்வகைப் படகுகளைப் போட்டி அமைப்பாளர்களே வழங்கினர்.